நினைவு தப்பியவருக்கு நாலு பேர்

1970-களில் வேலை கிடைத்துத் தில்லிக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். வந்த புதிதில் காதில் விழுந்த இந்திச் சொற்களில் ஒன்று ‘ஸட்டியானா’. ‘ஸாட்’ என்றால் அறுபது. அறுபதைத் தொட்ட ஒருவர் சொன்னதையே திரும்பச் சொன்னால், வைத்த பொருளைத் தேடினால், "ஸட்டியா கயே ஹைன்" என்று ஒரு சிரிப்போடு சொல்லிவிடுவார்கள். அறுபது வந்தாச்சு, புத்தி போச்சு என்பது அதன் பொருள். வங்காளி நண்பர்களிடம் இதற்கு இணையான சொல் ‘பீமரதி’. எழுபத்தேழாம் வயதில், ஏழாம் மாதத்தில் வரும் ஏழாவது இரவுக்குப் பீமரதி என்று பெயர். அந்த இரவைக் கடந்தவருக்குப் புத்தி பேதலிக்கும் என்பது பழைய நம்பிக்கை. இன்றும் ஒரு பெரியவர் பொருந்தாமல் ஏதாவது செய்தால் "பீமரதி பிடித்துவிட்டது" என்பார்கள்.

இந்தப் பெயர் நமக்குப் புதிதல்ல. நம்மில் பலர் வீட்டில் அறுபதுக்குச் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று திருக்கடையூருக்குப் போய் நடத்தி வருகிறோம். அங்கே கேலிக்குரிய வயது இங்கே ஹோமத்துக்குரிய வயது. ‘சாந்தி’ என்ற சொல்லிலேயே ஓர் அச்சம் இருக்கிறது. இது ஒரு கண்டம், இதைத் தணித்துக் கடக்கவேண்டும் என்ற அச்சம். கடப்பதற்கு நம் முன்னோர் கண்ட வழியோ ஊரைக் கூட்டுவது. பிள்ளை, பேரன், சம்பந்தி, அக்கம்பக்கம் எல்லோரும் வந்து பெரியவர் தலையில் தண்ணீர் ஊற்றி, காலில் விழுந்து, சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். இதனால் நாம் உயர்ந்தவர்கள் என்று மார்தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. கேலியும் எல்லா ஊரிலும் உண்டு, மரியாதையும் எல்லா ஊரிலும் உண்டு. "புத்தி பிசகிப்போச்சு", "சின்னப்பிள்ளை மாதிரி ஆயிட்டார்" என்று தமிழிலும் சொல்லத்தான் செய்கிறோம்.

முதுமையில் நினைவு தப்புவதை இன்று டிமென்ஷியா என்கிறார்கள். தமிழில் மறதிநோய் என்று எழுதுகிறோம். அது ஒரே நோயின் பெயரல்ல, பல நோய்களால் ஏற்படும் நிலையின் பெயர். அல்ஸைமர் நோய் அவற்றில் முதலிடம் வகிப்பது. மூளையின் ரத்தக் குழாய்கள் அடைபடுவதால் வருவது அதற்கு அடுத்தது. இந்த நோயை மனிதகுலம் புரிந்துகொண்ட வரலாற்றைப் படித்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. நோய் இருப்பது மூளையில்தான். ஆனால் அந்த நோயோடு ஒருவர் எப்படி வாழ்கிறார் என்பதில் அவரைச் சுற்றியுள்ள நாலு பேருக்குப் பெரும் பங்கு இருக்கிறது. இதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி, அதில் நம்மைப்போல் ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு என்ன பாடம் இருக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் தொடங்கிய கதை

1901-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில் 51 வயதுப் பெண்மணி ஒருவர் சேர்க்கப்பட்டார். பெயர் அவுகுஸ்டே டேட்டர். கணவர் ரயில்வேயில் எழுத்தர். மறதி, காரணமில்லாத சந்தேகம், இரவில் அலறல் என்று வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத நிலை. அவரைக் கவனித்த மருத்துவர் அலாய்ஸ் அல்ஸைமர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டு, பதில்களை அப்படியே எழுதி வைத்தார். தட்டில் இருப்பது பன்றி இறைச்சியும் காலிஃபிளவரும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் கீரை என்கிறார் அந்த அம்மாள். தம் பெயரை எழுதச் சொன்னால் பாதியிலேயே மறந்துவிடுகிறார். தம்மையே தாம் தொலைத்துவிட்டதாக அவர் சொன்னதும் அந்தக் குறிப்பில் இருக்கிறது. தொலைந்ததைத் தொலைந்தது என்று அறியும் அளவுக்கு உள்ளே ஒரு மனிதர் இருந்தார் என்பதற்கு அந்த வாக்கியமே சாட்சி.

1906 ஏப்ரலில் அவர் இறந்தார். அதற்குள் மியூனிக் நகருக்கு மாறியிருந்த அல்ஸைமர், அந்த மூளையை வரவழைத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு வெளியே படிவங்களும் உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளும் இருந்தன. அதே ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இதை எடுத்துரைத்தார். 1910-இல் அவருடைய தலைவர் எமில் கிரேப்பலின் தம் பாடநூலில் இதற்கு அல்ஸைமர் நோய் என்று பெயர் சூட்டினார். அவுகுஸ்டேயின் கோப்பு பிறகு காணாமல் போய், 1995 டிசம்பரில்தான் ஃபிராங்க்ஃபர்ட்டில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது.

இந்தக் கண்டுபிடிப்பின் பெருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. இது பேயுமல்ல, பாவமுமல்ல, உடலின் நோய் என்று அது காட்டியது. ஆனால் ஐம்பது வயதில் வந்தால்தான் நோய், எழுபதில் வந்தால் அது வெறும் கிழத்தனம் என்ற பிரிவினை நெடுங்காலம் நீடித்தது. 1968-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிளெஸ்டு, டாம்லின்சன், ராத் என்ற மூன்று மருத்துவர்கள் முதியோரின் மூளைகளிலும் அதே படிவங்கள் இருப்பதை எண்ணிக்கையோடு நிறுவினார்கள். 1976-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் கட்ஸ்மன், இளவயதில் வருவதும் முதுமையில் வருவதும் ஒரே நோய்தான் என்று வாதிட்டார். அதன் பிறகே அரசுகளும் ஆய்வு நிறுவனங்களும் விழித்துக்கொண்டன.

கணக்கில் வராத மூளைகள்

மூளையில் சேதம் எவ்வளவோ மறதியும் அவ்வளவு என்பது எளிய கணக்கு. அந்தக் கணக்கு முழுவதும் சரியாக வரவில்லை. 1930-களிலேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மருத்துவமனைகளில் பணியாற்றிய டேவிட் ராத்ஷைல்டு இதைக் கவனித்தார். சேதம் மிகுந்த மூளையோடு சிலர் ஓரளவு தெளிவாக இருந்திருக்கிறார்கள். சேதம் குறைந்த சிலர் முற்றிலும் நிலைகுலைந்திருக்கிறார்கள். அந்த மனிதரின் இயல்பு, அவர் பட்ட இழப்புகள், அவர் வாழ்ந்த சூழல் ஆகியவையும் இதில் சேரும் என்று அவர் எழுதினார். பிந்திய தலைமுறை அவரைப் பெரும்பாலும் மறந்துவிட்டது.

1986-இல் டேவிட் ஸ்னோடன் தொடங்கிய கன்னியாஸ்திரீகள் ஆய்வு இந்தக் கேள்வியை மறுபடி எழுப்பியது. நாத்ர்தாம் பள்ளிச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த 678 பேர், இறந்தபின் தங்கள் மூளையை ஆய்வுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் 101 வயதில் மறைந்த ஒரு சகோதரியின் மூளையில் அல்ஸைமர் நோயின் அடையாளங்கள் ஏராளம். கடைசிவரை அவருக்கு நடத்திய நினைவுச் சோதனைகளிலோ அவர் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தார். மடத்தின் கூட்டு வாழ்க்கைதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. படிப்பு, பரம்பரை, உணவு என்று எத்தனையோ இருக்கலாம். ஆனாலும் கேள்வி எழுந்துவிட்டது.

விடையின் சில துண்டுகள் பிறகு கிடைத்தன. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில், 75 வயதைத் தாண்டிய, மறதிநோய் இல்லாத 1,203 பேரைச் சராசரியாக மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்த லாரா ஃபிராதிலியோனி குழுவினர் 2000-இல் முடிவை வெளியிட்டார்கள். உறவும் நட்பும் குறைந்தவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு 60 விழுக்காடு அதிகமாக இருந்தது. 2006-இல் சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழக மையம், இறந்துபோன 89 முதியோரின் மூளைகளை ஆராய்ந்தது. நெருங்கிய சுற்றம் பெரிதாக இருந்தவர்களின் அறிவாற்றலை, அதே அளவு மூளைச் சேதம் குறைவாகவே பாதித்திருந்தது.

நம்மைப்போன்ற அரசு ஊழியர்கள் கவனிக்கவேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. லண்டனில் குமாஸ்தா முதல் உயரதிகாரி வரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து வரும் ‘வைட்ஹால்’ ஆய்வு அது. 2019-இல் வெளியான அதன் முடிவின்படி, அறுபது வயதில் நண்பர்களை அடிக்கடி சந்தித்தவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் வருவது குறைவாக இருந்தது. உறவினரைச் சந்திப்பதில் அத்தகைய தொடர்பு தென்படவில்லை! மகன் வீட்டில் இருக்கிறார், பேரப்பிள்ளைகள் கூட இருக்கிறார்கள், அப்புறம் என்ன என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில். வீட்டு மனிதரிடம் "சாப்பிட்டாச்சா", "மாத்திரை போட்டாச்சா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நண்பரிடம் வாதம் செய்யவேண்டும், பழைய கதை சொல்லவேண்டும், சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே கிளம்பவேண்டும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. நோய் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மனிதர் ஒதுங்கத் தொடங்கிவிடுவதுண்டு. தனிமையால் நோயா, நோயால் தனிமையா என்று பிரித்தறிவது கடினம். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு 2024-இல், தவிர்க்கத்தக்க காரணங்கள் 14 என்று பட்டியலிட்டது. அவை அனைத்தையும் நீக்கினால் உலகில் 45 விழுக்காடு மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அதன் மதிப்பீடு. அதில் முதுமைத் தனிமையின் பங்கு 5 விழுக்காடு. காது கேளாமையின் பங்கு 7. காது மந்தமானவர் நாலு பேர் நடுவில் உட்கார்ந்திருந்தாலும் தனி ஆள்தான் என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும்.

நோய் வேறு, ஆள் வேறு

இதுவரை சொன்னது நோய் வருமுன். வந்தபின்? இங்கேதான் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்து டாம் கிட்வுட் முக்கியமானவர். 1997-இல், தம் மறைவுக்கு ஓராண்டு முன்பு, அவர் வெளியிட்ட நூல் முதியோர் பராமரிப்பின் போக்கையே மாற்றியது. காப்பகங்களில் மணிக்கணக்காக உட்கார்ந்து கவனித்த அவர், நோயாளியைச் சிறுகச் சிறுக மனிதர் என்ற நிலையிலிருந்து இறக்கும் செயல்களைப் பட்டியலிட்டார். அவர் எதிரிலேயே அவரைப் பற்றி மூன்றாம் மனிதர்போல் பேசுவது, குழந்தையைப்போல் நடத்துவது, அவருடைய வேகத்துக்கு நிற்காமல் அவசரப்படுத்துவது, பொய் சொல்லிச் சமாளிப்பது, கேலி செய்வது, ஒதுக்கி உட்கார வைப்பது. செய்பவர்கள் கெட்டவர்கள் அல்லர், பெரும்பாலும் நல்லவர்களே என்பதையும் அவர் சொன்னார். இந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு ஒரு காப்பகமும் நினைவுக்கு வரவில்லை. நம் கல்யாண வீடுகள்தான் வந்தன. "அவருக்கு ஒண்ணும் தெரியாது, விடுங்க" என்று அவர் காதுபடவே எத்தனை முறை கேட்டிருக்கிறோம்!

கிட்வுட் காட்டிய வழியில் எளிய முறைகள் சில பிறந்தன. 1997-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் பேரா மீசன் என்ற உளவியலாளர், நோயாளிகளும் குடும்பத்தாரும் மருத்துவர்களும் மாதம் ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து பேசும் ‘அல்ஸைமர் கஃபே’யைத் தொடங்கினார். வீட்டுக்குள் மறைத்துவைத்த பெயரை நாலு பேர் நடுவில் சொல்லவைத்ததே அதன் சாதனை. 2003-இல் லண்டனில் ஏமி ஸ்பெக்டர் குழுவினர் 201 நோயாளிகளிடம் ஒரு முறையைச் சோதித்தார்கள். சிறு குழுவாக வாரம் இருமுறை, ஏழு வாரம், மொத்தம் 14 அமர்வுகள். பழைய பாட்டு, உணவு, ஊர்ச் செய்தி, சொல் விளையாட்டு என்று நாளுக்கொரு பொருள். நினைவிலும் வாழ்க்கை நிறைவிலும் சிறிய, ஆனால் அளந்து காட்டத்தக்க முன்னேற்றம் இருந்தது. சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தார் இதையே தமிழர் சூழலுக்கு ஏற்ப மாற்றிச் சோதித்து, அந்த அனுபவத்தை 2017-இல் வெளியிட்டார்கள். தமிழிலேயே இது நடக்கும் என்று ஆகிவிட்டது.

இதெல்லாம் நோயைக் குணப்படுத்திவிடும் என்று நான் சொல்லவரவில்லை. 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகனமாப் போன்ற புதிய மருந்துகளும்கூட நோயின் வேகத்தைச் சற்றுக் குறைப்பவையே. பேச்சும் துணையும் மூளையின் படிவங்களைக் கரைக்கமாட்டா. எஞ்சியிருக்கும் திறமைக்குப் புழங்க இடம் தரும், பயத்தைக் குறைக்கும், பார்த்துக்கொள்பவரின் தோளிலிருந்து ஒரு கை பாரத்தை இறக்கும்.

நம் நாட்டில்

1980-களில் காசியில் களப்பணி செய்த லாரன்ஸ் கோஹென் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1998-இல் ஒரு நூல் வெளியிட்டார். முதியவர் நிலைகுலைந்தால், இங்கே அதை மூளையின் கோளாறாகப் பார்ப்பதைவிடக் குடும்பத்தின் கோளாறாகப் பார்ப்பதே அதிகம் என்பது அவர் கண்டது. பிள்ளை சரியாகக் கவனிக்கவில்லை, மருமகள் சோறு போடவில்லை, அதனால்தான் கிழவி இப்படி ஆனாள் என்று ஊர் பேசும். மேற்கு மூளையை மட்டும் பார்த்தது. நாம் வீட்டை மட்டும் பார்த்தோம். இரண்டுமே பாதி உண்மைகள். ஆனால் விளைவு ஒன்றேதான். அங்கே நோயாளி மருத்துவமனைக் கட்டிலில் தனித்துவிடப்பட்டார். இங்கே குடும்பம் பழிக்குப் பயந்து அவரை உள்ளறையில் மறைத்தது.

இந்தத் திரையை விலக்கும் முயற்சி கேரளத்தில் தொடங்கியது. 1992-இல் டாக்டர் ஜேக்கப் ராய் முன்னின்று இந்திய அல்ஸைமர் மற்றும் தொடர்புடைய நோய்களுக்கான சங்கத்தை நிறுவினார். 1998-இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் ‘10/66’ என்ற குழுவை அமைத்தார்கள். மறதிநோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள். நடந்த ஆய்விலோ பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றியதல்ல என்பதே அந்தப் பெயரின் பொருள். தமிழ்நாட்டில் திருப்போரூர் வட்டாரக் கிராமங்களில் நடத்திய கணக்கெடுப்பு, அறுபது வயதைக் கடந்தோரில் 3.5 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருப்பதாக 1997-இல் தெரிவித்தது. "எங்க ஊர்ல இதெல்லாம் கிடையாது" என்ற பேச்சு அத்தோடு பொய்த்தது. நம் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை பங்குகொண்ட நாடு தழுவிய ஆய்வொன்று, இந்தியாவில் அறுபது கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-இல் மதிப்பிட்டது.

இத்தனை பேருக்கு மருத்துவமனைக் கட்டில் போட இயலாது. கோவாவில் 81 குடும்பங்களோடு நடந்து 2008-இல் வெளியான ஆய்வு ஒரு வழி காட்டுகிறது. மருத்துவப் பட்டம் இல்லாத, சில நாள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, விளக்கிச் சொல்லி, காதுகொடுத்துக் கேட்டார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களின் மனநிலை தெளிவாக மேம்பட்டது. வந்து உட்காரும் ஆளே பாதி வைத்தியம் என்று நம் பாட்டிகள் அறிந்திருந்ததுதான்!

பெயரை மாற்றிய ஜப்பான்

சொல்லில் தொடங்கிய கட்டுரை என்பதால் ஜப்பானைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. அங்கே இந்த நோயின் அதிகாரபூர்வப் பெயரான ‘சிஹோ’ என்பதில் ‘மடமை’ என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருந்தது. பெயருக்கே வெட்கப்பட்டு யாரும் மருத்துவரிடம் போகவில்லை. 2004 டிசம்பரில் அரசு அதை மாற்றி, அறிதல் திறனில் ஏற்படும் நிலை என்று பொருள்படும் ‘நின்சிஷோ’ என்ற சொல்லைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ‘மறதிநோய்த் துணைவர்’ திட்டம் தொடங்கியது. கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளி மாணவர் என்று யாரும் சேரலாம். ஏறக்குறைய தொண்ணூறு நிமிடப் பயிற்சி. முடித்தவருக்குத் தொடக்கத்தில் கையில் ஓர் ஆரஞ்சு வளையம் தந்தார்கள். ஒரு கோடிக்கும் அதிகமானோர் இதில் பயிற்சி பெற்றுவிட்டார்கள். 2023-இல் மறதிநோய்க்கென்றே ஓர் அடிப்படைச் சட்டமும் இயற்றினார்கள். வழி தெரியாமல் நிற்கும் முதியவரை விரட்டாமல் "எங்கே போகணும்?" என்று கேட்க ஒரு நாட்டுக்கே கற்றுக்கொடுக்கிறார்கள்.

தில்லிக்கு வந்த நாம்

இனி நம் விஷயம். நாம் ஊரை ஒருமுறை விட்டு வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இரண்டு முறை விட்டோம். சொந்த ஊரை விட்டு வந்து, அரசுக் குடியிருப்புகளில் இன்னொரு ஊரைக் கட்டிக்கொண்டோம். குளிர்காலத்து வெயிலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்த மாமிகள், மலை மந்திருக்குச் சேர்ந்து நடந்த கூட்டம், அடுத்த வீட்டில் தட்டி வாங்கிய உறைமோர் எல்லாம் அந்த ஊர்தான். மத்திய அரசில் ஓய்வு வயது 1998 வரை 58, அதன்பின் 60. அந்த ஒரே தேதியில் அலுவலகம் போகிறது. சில மாதத்தில் குவார்ட்டர்ஸும் போகிறது. துவாரகாவிலோ நொய்டாவிலோ எட்டாவது மாடியில், பக்கத்து வீட்டுப் பெயர் தெரியாத ஃபிளாட்டில் மூன்றாவது வாழ்க்கை தொடங்குகிறது. பழைய காலனிகள் பல இப்போது இடிக்கப்பட்டே போய்விட்டன. ‘ஸட்டியானா’ என்ற கேலிக்குப் பின்னால் இப்படியும் ஒரு காரணம் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அறுபதில் புத்தி போவதற்கு முன் மனிதர்கள் போய்விடுகிறார்கள்.

ஊரிலிருந்து கடைசிக் காலத்தில் அழைத்துவரப்படும் பெற்றோர் நிலை இன்னும் கடினம். இந்தி தெரியாது. பார்த்துக்கொள்ள அமர்த்திய பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. தெளிவான அறிவுள்ளவரே இந்தச் சூழலில் ஒரு மாதத்தில் மௌனமாகிவிடுவார். நினைவு தப்பியவரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. மொழியைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவின்படி, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியது. எழுதப்படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படியே. வேறு சில ஆய்வுகள் இதை உறுதிசெய்யவில்லை என்பதால் வல்லுநரிடையே விவாதம் தொடர்கிறது. எப்படியிருந்தாலும் மொழி என்பது பேச ஆள் இருந்தால்தான் மொழி.

எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் தணிக்கைத் துறையில் இருந்தவர். முப்பது வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காலனிக் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தவர். நோய் வந்தபின் அழைப்பிதழ்கள் நின்றன. "எதுக்கு அவரைத் தொந்தரவு பண்ணணும்" என்று எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் நினைத்தார்கள். அவர் மனைவி என்னிடம் சொன்னார்: "போன் வந்தா ‘தூங்கறார்’னு சொல்லிடறேன் சார். நாலு பேர் முன்னாடி ஏதாவது ஏடாகூடமா பேசிட்டா என்ன பண்றது?" நாங்கள் மூவர் முறைவைத்துக்கொண்டு ஞாயிறு மாலைகளில் போக ஆரம்பித்தோம். எங்கள் பெயர் அவருக்குத் தெரியாது. ஒருநாள் எங்களோடு வந்த பள்ளிச் சிறுவன் தமிழ்ப் பத்திரிகையை உரக்கப் படித்தான். ‘வாழைப்பழம்’ அவன் வாயில் ‘வாலைப்பலம்’ ஆனது. ஒரு மணி நேரமாகப் பேசாமலிருந்தவர் நிமிர்ந்து, "நாக்கை மடக்குடா" என்றார். நாலு தடவை சொல்லவைத்துத்தான் விட்டார். அடுத்த வாரம் அந்தப் பையனை அவருக்கு நினைவில்லை. ஆனால் அவர் மனைவி அந்த மாலை மாதக்கணக்கில் முதல்முறையாகத் தனியாகக் கோயிலுக்குப் போய்வந்தார். எந்த ஆய்வைவிடவும் எனக்கு இது போதுமான சான்று.

சங்கம் செய்யக்கூடியவை

நம் சங்கத்துக்குப் புதிய கட்டடம் வேண்டாம், மானியம் வேண்டாம். சில காரியங்களை அடுத்த மாதமே தொடங்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

முதலாவது, நோய் வந்த உறுப்பினரின் பெயரை அழைப்பிதழ்ப் பட்டியலிலிருந்து எடுக்காமல் இருப்பது. அவர் வருவதும் வராததும் அவர் வீட்டார் முடிவு. அழைப்பது நம் கடமை.

இரண்டாவது, மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரம், நூலக அறையில் ஒரு கூடுகை. பழைய திரைப்பாட்டு, பல்லாங்குழி, சீட்டு, ஊர்க்கதை, காப்பி. எட்டுப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். இரைச்சலும் கூட்டமும் அவர்களைக் கலவரப்படுத்தும். பார்த்துக்கொள்பவர்கள் அந்த நேரத்தில் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும், அல்லது வீட்டில் போய்த் தூங்கட்டும்.

மூன்றாவது, வீட்டுக்குப் போய்வர இருவர் இருவராக ஒரு முறைப்பட்டியல். போகிறவர்கள் மூன்றே விதிகளைக் கைக்கொண்டால் போதும். "என்னைத் தெரியுதா?" என்று பரீட்சை வைக்காமல் "நான் இன்னார்" என்று பெயரைச் சொல்லி அமர்வது. தவறாகச் சொன்னால் திருத்தாமல் கதையோடு கூடப்போவது. அவரைப் பற்றி மற்றவரிடம் பேசாமல் அவரிடமே பேசுவது.

நான்காவது, அறுபது கடந்த எல்லோருக்கும் காதுச் சோதனை, ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க ஆண்டுக்கொரு முகாம். புதிதாக மறதி தென்பட்டால் முதுமை என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். தைராய்டு குறைவு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு.

தமிழைக் காக்க நாம் சங்கம் வைத்தோம். பேசுகிற நாலு பேர் இல்லாமல் எந்த மொழியும் வாழாது. எந்த மனிதரும் வாழ்வதில்லை. நினைவு தப்பியவர் வீட்டுக் கதவைத் தட்ட இரண்டு பேர் முன்வந்தால் போதும், வேலையைத் தொடங்கிவிடலாம். முன்வருவோர் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். முதல் பெயராக என் பெயரை எழுதிவைத்திருக்கிறேன்.